மாப்பிள்ளைக்கு, பாங்காக்கிலிருந்து

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மருமகனுக்கு இங்கே வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் என் வீட்டுக்காரி கேசரி கிண்டிவிட்டாள். அலுவலகம் இந்த ஊரின் அசோக் பகுதியில் என்று எழுதியிருந்தாய். அங்கேயே பக்கத்தில் ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, பார்த்துக்கொடு என்று நீ சொன்னதால்தான் பதில் தாமதம். நான் பார்க்கப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அசோக்கில் நாங்கள் மூன்று வருடம் இருந்தோம். 23-ஆம் மாடி, 32 சதுர மீட்டர், மாதம் 18,000 பாட். நம் ஊர்க் கணக்கில் 350 சதுர அடிகூட வராது. ஜன்னல் வழியே பார்த்தால் இன்னொரு ஜன்னல். 2025 மார்ச் 28-ஆம் தேதி மியான்மரில் நிலநடுக்கம் வந்தது நினைவிருக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்த ஆட்டம் இங்கே மொட்டைமாடி நீச்சல்குளத்துத் தண்ணீரை அருவி மாதிரி தெருவில் கொட்டியது. இங்கே சாட்டுசாக் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு முப்பது மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இவள் 23 மாடியும் படியில் இறங்கி வந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள், இனிமேல் நான் லிஃப்டை நம்பி வாழ மாட்டேன் என்று.

சரி, எங்கே போவது? இங்கே வாடகையை ஸ்கைட்ரெயின் என்கிற மேம்பால ரயில்தான் தீர்மானிக்கிறது. 1999 டிசம்பரில் ஓட ஆரம்பித்தபோது சுகும்வித் பாதை ஓன் நுட்டோடு முடிந்தது. பன்னிரண்டு வருடம் அதுதான் கடைசி நிலையம். 2011-இல் பேரிங் வரை நீண்டது, 2017-இல் சம்ரோங், 2018-இல் சமுத் பிராகான் மாகாணத்துக்குள் வெகுதூரம். ஒவ்வொரு தடவை நீளும்போதும் காண்டோ கட்டுகிறவர்கள் தண்டவாளத்துக்கு முன்னால் ஓடிப்போய் நிலம் வாங்கிவிடுகிறார்கள். அதனால் வெளியே போகப்போக வீடு ஏராளம், குடியிருக்க ஆள் குறைவு. வாடகை இறங்குகிறது.

நாங்கள் இப்போது இருப்பது பேரிங்கில். சுகும்வித் 107-ஆம் சோய். சோய் என்றால் சந்து. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் சந்து. ஒற்றைப்படை எண் எல்லாம் சாலைக்கு ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். எட்டு மாடிக் கட்டிடம், 30 சதுர மீட்டர், 7,500 பாட். இங்கே எட்டு மாடிக் கட்டிடங்களாக நிறையப் பார்க்கலாம். உயரம் 23 மீட்டரைத் தொட்டாலே சட்டப்படி அது உயரக் கட்டிடம். முன்னால் அகலமான சாலை வேண்டும், விதிகளும் கூடும். சந்துக்குள் அது முடியாது. அதனால் எட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாங்கள் மூன்றாம் மாடி. இவளுக்குப் படி எண்ணி முடிந்துவிட்டது.

18,000 எங்கே, 7,500 எங்கே என்று நீ உடனே பேப்பர் பேனா எடுப்பாய். முழுதும் மிச்சமில்லை. சீலோமில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாளைக்கு ரயிலுக்கே 120 பாட்டுக்கு மேல். அப்புறம் சந்து. நிலையத்திலிருந்து எங்கள் வாசல் ஒன்றரைக் கிலோமீட்டர். விளம்பரத்தில் '5 நிமிடம்' என்று போட்டிருந்தது. அது மோட்டார் சைக்கிள் நிமிடம். சந்து முனையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், பின்னால் ஏறிக்கொண்டால் 15 பாட். எல்லாம் சேர்த்து மாதம் 3,400 ஆகிறது. முன்பு இதில் பாதிகூட ஆகவில்லை. அப்படியும் கையில் நிற்பது எட்டாயிரத்துக்குக் குறையாது. அதனால் மருமகனிடம் சொல், எந்த நிலையம் என்று கேட்பதைவிட சந்துக்குள் எவ்வளவு தூரம் என்று கேட்கட்டும். அந்தத் தூரத்தை ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்து பார்க்கட்டும். முடிந்தால் ஒரு பெருமழைக்கு மறுநாள். வேளச்சேரியில் வீடு பார்த்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் சந்தில் கணுக்கால் வரை நிற்கும், இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இன்னொன்று. இங்கே 'அபார்ட்மென்ட்' வேறு, 'காண்டோ' வேறு. அபார்ட்மென்ட் கட்டிடம் முழுக்க ஒரே முதலாளிக்குச் சொந்தம்; கரண்டுக்குத் தாங்கள் வைத்ததே விலை என்று யூனிட் 7, 8 பாட் வாங்குகிறவர்கள் உண்டு. காண்டோவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொந்தக்காரர். மின்வாரிய பில் நேராக வரும், யூனிட் 4 பாட் சொச்சம்தான். பில்லை எடுத்துப்போய் செவன் லெவன் கடையில் கட்டிவிடலாம். இரவும் பகலும் ஏ.சி. ஓடுகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. அட்வான்ஸ் இரண்டு மாதம், முதல் மாத வாடகை தனி. நம் ஊர்ப் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இல்லை. தரகர் கூலியும் பொதுவாக வீட்டுக்காரர் தலையில்தான்.

ஆனால் அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது இருக்கிறதே! அசோக் வீட்டுக்காரர் சமையல் மேடையில் மஞ்சள் கறை, சோபாவில் கீறல் என்று பட்டியல் போட்டு 36,000-இல் 14,000 பிடித்துக்கொண்டார். கீறல் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது, நிரூபிக்கப் படம் இல்லை. மஞ்சள் கறை எங்களுடையதுதான். இந்த வீட்டில் சாவி வாங்கிய அன்று குளியலறைக் குழாய் முதல் கதவுக் கைப்பிடி வரை 94 படம் எடுத்து, எல்லாவற்றையும் வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்கே அனுப்பிவைத்தேன். இருப்பதிலேயே அழகான படம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டிப் பதில் போட்டார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு முன் நாலு வீட்டில் எங்களுக்கு இல்லை என்றார்கள். தரகர் போனில் "எந்த நாடு?" என்பார். "இந்தியா" என்றதும் ஒரு சின்ன மௌனம். "சமைப்பீர்களா?" என்று அடுத்த கேள்வி. இங்கே நம்மைக் 'கேக்' என்பார்கள், விருந்தாளி என்று அர்த்தம். சீலோமில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோவிலுக்கே பேச்சுவழக்கில் வாட் கேக் என்றுதான் பெயர். கோவிலில் வரிசையில் நின்று மாரியம்மனுக்கு மாலை வாங்கிக்கொடுக்கும் அதே ஊர், தாளிப்பு வாசம் என்றால் சற்று யோசிக்கிறது. கோபம் வந்தது. அப்புறம் திருவல்லிக்கேணி மேன்ஷனை விட்டு நீயும் நானும் வீடு தேடி அலைந்த மாதம் ஞாபகம் வந்தது. "பேச்சிலரா? நான்வெஜ்ஜா? என்ன ஆளுங்க?" மூன்றாவது கேள்வியை மட்டும் இங்கே யாரும் கேட்கவில்லை.

இந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "கறி வாசம் பிரச்சினை இல்லை, எண்ணெய்தான் பிரச்சினை. பால்கனியில் சமைத்துக்கொள்ளுங்கள்." கேஸ் சிலிண்டருக்கு அனுமதி கிடையாது, ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்புதான். பால்கனியில் அடுப்பு, துணி துவைக்கும் எந்திரம், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, நடுவில் பக்கவாட்டில் நிற்கிற அளவுக்கு மெலிந்த ஒரு மனுஷி. இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுராட்டில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கி அங்கே வைத்தோம். வெளிப்பெட்டியின் அனல்காற்றில் நாலே நாளில் அப்பளமாகிவிட்டது. இப்போது இரண்டாவது கன்று கட்டிட வாசலில், பூமிச்சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. காவல்காரர் இடம் கொடுத்தார். சாமிக்கு வைக்கிற சிவப்பு ஃபாண்டா பாட்டிலுக்கு ஸ்ட்ரா போட்டுவைப்பவரும் அவரேதான். கன்றுக்கும் தண்ணீர் விடுகிறார். என்ன செடி என்று கேட்டார். எனக்குத் தாய்லாந்து மொழியில் சொல்லத் தெரியவில்லை, 'சோற்று இலை' என்று ஏதோ உளறிவைத்தேன்.

மருமகனுக்கு முக்கியமான ஒன்று: டி.எம்.30 என்று ஒரு படிவம். வெளிநாட்டுக்காரர் குடிவந்தால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். வருமானம் வெளியே தெரிந்தால் வரி வருமோ என்று சிலர் இழுத்தடிப்பார்கள். அந்த ரசீது இல்லாவிட்டால் விசா நீட்டிக்கும்போது இவன்தான் அலைய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளட்டும்.

அதனால் என் யோசனை இது. முதல் மாதம் எங்களோடு இருக்கட்டும். இடம் சின்னதுதான், சோபாவை விரித்தால் கட்டில். பேரிங்கிலிருந்து அசோக் ஒரே ரயில், மாற வேண்டியதில்லை, அரை மணிக்குள் போய்விடலாம். சனி ஞாயிறுகளில் நானும் அவனுமாக பாங் நா, உடோம் சுக், சம்ரோங் என்று நடந்து பார்க்கிறோம். அவனுக்கு ஊர் பிடிபட்ட பிறகும் அசோக்தான் வேண்டும் என்றால் அவன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தங்கச்சியிடம் சொல், பொடிவகை எல்லாம் கொடுத்தனுப்பலாம், பெருங்காயத்தை மட்டும் இரண்டு கவர் போட்டுக் கட்டச் சொல். குக்கர் அனுப்புவதானால் அடி தட்டையான இண்டக்‌ஷன் குக்கர், மூன்று லிட்டர் போதும். ஐந்து லிட்டர் வைத்தால் பால்கனியில் இவள் நிற்க இடமிருக்காது.

அன்புடன்,
உன் மச்சான்