கூன் விழுந்த கிழவரும் உன் எக்ஸ்ரேயும்

சென்னிமலை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. நீ சொல்லச் சொல்லப் பேரன் எழுதினானாம், பையன் கையெழுத்து உன்னுடையதைவிட எவ்வளவோ தேவலை. களத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுதான் முதலில் போகும், முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடுகிற ரேடியஸ் எலும்பின் நுனி, நம் வயசுக்காரர்களுக்கு வழக்கமாக வருகிற முறிவுதான் அது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் பொறுத்துக்கொள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற விரல்களைச் சும்மா வைத்திருக்காதே, மடக்கி நீட்டிக்கொண்டே இரு, எலும்பு கூடிய பிறகு விரல் மடங்காமல் அவதிப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் வீங்கி மரத்துப்போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

அது போகட்டும். கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "எங்க வம்சமே இப்படித்தான், ஐம்பது தாண்டினா கூன் விழுந்துரும், அது ரத்தத்துலயே இருக்கு" என்று. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்ப்பார், நினைவிருக்கிறது. ஆனால் வேறு ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த உங்கம்மாவும் சின்னம்மாவும் கடைசிக் காலத்தில் அப்படித்தானே ஆனார்கள்? அவர்கள் எந்த வம்சம்? ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கிணறு. அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முப்பது வருசம் விலங்கியல் நடத்தியவன், கிடைத்த சாக்கில் ஒரு கதை சொல்லாமல் விடுவேனா. 1856இல் ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்குக் குகையில் சில எலும்புகள் கிடைத்தன. புருவ மேடு தடித்து, தொடையெலும்பு வளைந்து இருந்தது. மாயர் என்ற பேராசிரியர், இது நெப்போலியனை விரட்டி வந்த ரஷ்யப் படையின் கொசாக் குதிரைவீரன், எலும்பை மெலிய வைத்து வளைக்கிற ரிக்கெட்ஸ் நோய் வந்து கால் வளைந்தவன், வலியில் முகம் சுளித்துச் சுளித்துப் புருவம் தடித்துவிட்டது என்றார். சிரிக்காதே, அவர் சும்மா ஆள் இல்லை. அப்புறம் ஃபிர்கோ, செல் நோயியலுக்கே தகப்பன் மாதிரியான ஆள், அவரும் சின்ன வயசில் ரிக்கெட்ஸ், முதுமையில் மூட்டுவாதம், தலையில் அடி என்று நோயாகவே படித்தார். பாதி உண்மைதான், அந்த மனிதனின் இடது முழங்கை நிஜமாகவே உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. ஆனால் அந்தப் புருவ மேடு நோய் இல்லை, அது நியாண்டர்தால் என்கிற அந்தப் பழைய மனித இனத்துக்கே உரியது.

அடுத்தது நேர் எதிர்த் தப்பு. 1908இல் பிரான்சில் லா ஷப்பேல் ஓ செயின்ட் என்ற ஊரில் ஒரு நியாண்டர்தால் கிழவரின் எலும்புக்கூடு கிடைத்தது. பாரிஸில் மார்செலின் பூல் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அதை ஆராய்ந்து, முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, தலை முன்னால் தள்ளி நடக்கிற பாதிக் குரங்காக வரைந்துவிட்டார். உலகம் முழுக்க நியாண்டர்தால் என்றாலே அந்தக் கூன் உருவம்தான் என்றாகிவிட்டது. 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் எலும்புகளை மறுபடி பார்த்தார்கள். கிழவருக்கு முதுகெலும்பில் கடுமையான மூட்டுத் தேய்மானம்! இதே ஆளைக் குளிப்பாட்டிச் சவரம் செய்து, கோட்டு மாட்டி நியூயார்க் சுரங்க ரயிலில் ஏற்றினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள், மூட்டு நோய் மட்டும் காரணமில்லை, பூல் முதலிலேயே குரங்கைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஒருத்தர் இனத்தின் சாயலை நோய் என்றார், இன்னொருத்தர் ஒரு கிழவனின் நோயை இனத்தின் சாயல் என்றார். உங்கள் வீட்டில் நடப்பது இரண்டாவது.

மனிதன் நிமிர்ந்து நின்றதற்கு உண்மையான சாட்சி கூனிலோ நிமிர்விலோ இல்லை. மண்டையோட்டில் தண்டுவடம் நுழைகிற துளை நமக்கு அடியில் நடுவாக இருக்கிறது, சிம்பன்சிக்குப் பின்னால் தள்ளி இருக்கும். இடுப்பெலும்பு அகலமாக, குட்டையாக, சட்டி மாதிரி. தொடையெலும்பு முழங்காலை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்து வரும். 1974இல் எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த லூசி என்ற ஆதி மூதாதைக்கு, 32 லட்சம் வருசத்துக்கு முந்தையவள், இடுப்பும் தொடையும் இந்த வகைதான், மூளை மட்டும் கிட்டத்தட்ட சிம்பன்சி அளவு. முதலில் நடந்தோம், புத்தி ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது, சில பேருக்கு இன்னும் வரவில்லை என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பரம்பரை கொடுப்பது போக, செய்கிற சோலியும் எலும்பில் ஏறும். குத்தவைத்தே உட்கார்ந்து பழகினவர்களுக்குக் கணுக்கால் எலும்பின் முன்பக்கம் சின்னதாக ஒரு வழவழப்பான தடம் விழுந்திருக்கும், நாற்காலியிலேயே காலம் கழித்தவர்களிடம் அது அரிது. போன மாசம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கொடுமணல் போனேன். நொய்யல் கரையில் அந்தக் காலத்தில் கல்மணி தேய்த்துத் துளை போட்டவர்களின் மணிக்கட்டும் தோளும் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசனை ஓடியது. அவளுக்கு வெயில்தான் பெரிய விஷயம்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உங்கள் தர்மபுரிப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சேதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் பொறுக்கலாம். அதற்கு மேல் வருசக்கணக்கில் குடித்தால் அது எலும்பில் போய்ச் சேரும். எலும்பு கனத்துப் போகும், ஆனால் உறுதி குறையும், தசைநார்கள் சுண்ணாம்பேறி முதுகும் கழுத்தும் இறுகிவிடும். உன் பல்லில் இருக்கிற பழுப்புக் கறையை வெற்றிலைக் கறை என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறோம், பல் உருவாகிற சின்ன வயசில் அந்தத் தண்ணீர் குடித்தவர்களுக்கு வருகிற கறையாக அது இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே உங்களுக்காகத்தான் வந்தது, நீயோ ஆத்துத் தண்ணி சப்பென்று இருக்கிறது என்று இன்னும் போர்த் தண்ணியையே குடிக்கிறாய். காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

உடைந்தது முன்கைப் பக்கம் என்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வு சுண்ணாம்பேறி எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது இந்த ஃபுளோரைடு நோய்க்கு முக்கியமான அடையாளம். நான் டாக்டர் இல்லை. கட்டுப் பிரிக்கப் போகும்போது அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய், முறிவை மட்டுமல்ல, நடுச் சவ்வையும் பாருங்கள் என்று கேள். எலும்பு அடர்த்திச் சோதனையும் கேட்டுக்கொள், வெறும் வயசுத் தேய்மானமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வெசனப்படாதே, ஆனால் வம்சத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மாவும் இருக்காதே.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் சோதனைக்கூடம் இருக்கிறது. போர்த் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துப் பையனிடம் கொடுத்தனுப்பு. மாடுகளுக்கும் அந்தத் தண்ணிதானே காட்டுகிறாய்? அவற்றுக்கும் இது வரும், பல்லைத் திறந்து பார்த்து எனக்கு எழுது.

உன்
குப்புசாமி