மே மாதத்தில் எண்ணிய சாலை: அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். எங்கள் ஏரிக்கரைச் சாலையில் வரவிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. எந்தக் கோப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தின் மூன்று மனுக்கள் அதில் சேர்ந்திருக்கும், யாராவது சேர்த்திருந்தால்.

நான்காவது மனு எழுதும் எண்ணம் போன வியாழக்கிழமை வரை எனக்கு இல்லை.

எங்கள் சாலையில் உள்ள குறுகலான பாலத்தை ஒட்டி இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியை நீங்கள் பார்த்திருக்கலாம். மாலை 4.10க்கு மணி அடிக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு வீடு சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே சிக்னல் இல்லை, வரிக்குதிரைக் கோடு இல்லை, வேகத்தடை கேட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதிலும் இல்லை. அதனால் சத்துணவு சமைக்கும் அக்காதான் எங்களுக்கு சிக்னல். அவருக்கு வேலை மதியமே முடிந்துவிடும். ஆனாலும் பிள்ளைகள் சாலையைத் தாண்டும்வரை வீட்டுக்குப் போவதில்லை. பாத்திரம் கழுவும் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நிற்பார். இரண்டு வருடமாக இப்படித்தான். டவுன் பஸ் டிரைவர்களுக்கு அந்த வாளி தெரியும், தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார்கள்.

வியாழக்கிழமை வந்த தண்ணீர் லாரி டிரைவருக்குத் தெரியவில்லை. புது ஆள் போலிருக்கிறது. பாலத்தில் எதிரே பஸ் ஏறுவதற்குள் தான் தாண்டிவிட வேண்டும் என்று அழுத்தினார். அக்கா இரண்டு பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, வாளியைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாளி மட்டும் சப்பையாகிவிட்டது. அதைப் பள்ளி ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாலையில்தான் இன்னும் ஆயிரம் வீடுகள் வரப்போகின்றன. அவற்றால் போக்குவரத்துக்கு என்ன பாதிப்பு என்று ஓர் ஆய்வறிக்கையும் அந்தக் கோப்பில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். 30 நாளில் வர வேண்டியது 70 நாளில் வந்தது, பரவாயில்லை, வந்ததே. வண்டிகளை எண்ணிய நாட்கள் இரண்டு: போன வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு திங்கட்கிழமை.

மே மாதம், அய்யா. பள்ளி பூட்டியிருக்கும் மாதம். ஸ்கூல் வேன் ஓடாது, சைக்கிள் பிள்ளைகள் இல்லை, பாதி வீடுகளில் ஆட்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். பொங்கல் அன்று காலை அண்ணா சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினால் சென்னையில் நெரிசலே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த அறிக்கையில் பிற்பகல் 3.30 முதல் 4.30 வரை 'குறைந்த போக்குவரத்து நேரம்' என்று ஒரு கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். வாளி நசுங்கியது 4.15க்கு.

எங்கள் முக்கியமான கோரிக்கை இதுதான். பள்ளி நடக்கும் மாதத்தில், வேலை நாளில், அந்த எண்ணிக்கையைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அது வரும்வரை அனுமதியை நிறுத்தி வையுங்கள்.

நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்கு எதிரிகள் இல்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இந்த ஊருக்கு வங்கிக் கடனோடு வந்தவன்தான். எங்கள் அடுக்ககம் வந்தபோது இந்தச் சாலையில் யாரும் எங்களை எண்ணவில்லை. பழைய ஊர்க்காரர்கள் எங்கள் கார்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. எங்கள் வாசலிலும் தினம் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. வியாழக்கிழமை வந்த லாரி எங்களுக்கே வந்ததாகக்கூட இருக்கலாம்.

அந்த லாரியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறிக்கையில் கார் இருக்கிறது, இருசக்கர வாகனம் இருக்கிறது, கட்டுமானத்தின்போது வரும் மணல் லாரிகூட இருக்கிறது. குடியேறிய பிறகு வரப்போகும் தண்ணீர் லாரி எங்கேயும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இங்கே குழாயை நம்பி யாரும் வீடு வாங்குவதில்லை என்று. கணக்கு எளிதுதான். அரசு வழிகாட்டிகள் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஆயிரம் வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 5,40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 45 நடை. கழிவறைக்கு மறுசுழற்சித் தண்ணீர் தருவோம் என்கிறார்கள். சரி, நம்புகிறோம், ஆளுக்கு 45 லிட்டரைக் கழித்துவிடுவோம். அப்போதும் 30 லாரி. வந்த லாரி திரும்பிப் போக வேண்டும் அல்லவா? ஆக, பாலத்தை 60 தடவை தாண்டும். தினமும். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

பாலத்தை நாங்கள் டேப் வைத்து அளந்தோம். கைப்பிடிச் சுவருக்குக் கைப்பிடிச் சுவர் 5.4 மீட்டர். பஸ்ஸும் லாரியும் எதிரெதிரே வந்தால் இரண்டும் சேர்ந்தே 5 மீட்டருக்கு மேல் போய்விடும். மிச்சத்தில்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள். அறிக்கையில் சாலையின் அகலம் 12 மீட்டர். அவர்கள் மனைக்கு முன்னால் அது 12 மீட்டர்தான், பொய் இல்லை. குடத்தின் வாயை விட்டுவிட்டு வயிற்றை அளந்திருக்கிறார்கள்.

அகலம் ஏன் முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு என்பதெல்லாம் மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பார்த்துத்தான். வழக்கமான அளவுக்கு மேல் கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் தளப்பரப்பும் அப்படியே: 9 மீட்டரிலிருந்து 12க்குள் இருந்தால் 30 விழுக்காடு, 12ஐத் தொட்டால் 40. அந்த 12 மீட்டர் 200 மீட்டர் தள்ளி 5.4 ஆகச் சுருங்குவதைப் பற்றி அறிக்கை ஒன்றும் சொல்வதில்லை. பணம் கட்டினால் தளம் ஏறும். பாலம் ஓர் அங்குலம் ஏறாது.

எங்கள் சங்கத்தில் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறிக்கையை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது ஓர் எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்: 1,500. எங்கள் சாலை மணிக்கு 1,500 'கார் அலகு' (எல்லா வண்டிகளையும் கார்க் கணக்கில் மாற்றிச் சொல்லும் அளவு) தாங்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது இருவழிப் பெருஞ்சாலைக்கு. ஓரத்தில் வீட்டு வாசல் திறக்காத, வண்டி நிறுத்தாத, குறுக்கே ஆள் போகாத சாலைக்கு. வாசல்களும் நிற்கும் வண்டிகளும் குறுக்கே போக்குவரத்தும் உள்ள சாலைக்கு அதே வழிகாட்டி தருவது 900. எங்கள் சாலையில் இரண்டு டீக்கடை, ஓர் இஸ்திரி வண்டி, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு, மாலையில் மீன் விற்கும் பாட்டி, அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத நான்கு மாடுகள். இதற்கு எந்த எண் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள். 1,500ஐ 900 ஆக மாற்றினால் கடைசிப் பக்கத்தில் உள்ள 'பாதிப்பு சமாளிக்கத்தக்க அளவே' என்ற வரி நிற்காது என்கிறார் பெரியவர். பென்சிலால்தான் வட்டமிட்டார், கோபம் வந்தாலும் அரசுக் காகிதத்தில் பேனா வைக்க மாட்டாராம்.

மெட்ரோ ரயில் வந்துவிடும், அதனால் கார்கள் குறையும் என்றும் ஒரு பத்தி. சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வரட்டும், நாங்களும் காத்திருக்கிறோம். எங்கள் ஊரிலிருந்து பக்கத்து நிலையமே நான்கு கிலோமீட்டர். அதற்கு இணைப்புப் பேருந்து உண்டா என்று அறிக்கை கேட்கவில்லை. இருக்கிற ஒரு டவுன் பஸ்ஸும் பாலத்தில் ரிவர்ஸ் எடுத்தே நேரத்தைத் தொலைக்கிறது.

இந்தக் குடியிருப்பைப் பற்றி மட்டும் பேசினால் அவர்களுக்கும் அநியாயம். இதே சாலையில் ஏற்கெனவே அனுமதி வாங்கிய திட்டங்கள் இன்னும் மூன்று உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் வீடுகளை மட்டும் எண்ணி, தங்களால் பெரிய பாதிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். நான்கையும் கூட்டிப் பார்க்கும் வேலை யாருடையது? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடங்களுக்கு 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. அந்த மூன்றில் இரண்டு அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. தற்செயலாக இருக்கும்.

அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குத் தருகிறது. எங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கேட்கக் கூடாது என்றும் அதில் இல்லை.

இந்த ஊரில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. முதலில் வீடு, அப்புறம் ரோடு. ரோடு போட்ட மறுமாதம் கேபிளுக்குத் தோண்டுவார்கள், அதை மூடியதும் கழிவுநீருக்குத் தோண்டுவார்கள். விருந்தாளிகளைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு அடுப்புக்குக் கல் தேடுகிற கதை. விளம்பரத்தில் மட்டும் 'ஐ.டி. பூங்காவுக்குப் பத்தே நிமிடம்'. எந்தப் பத்து நிமிடம் என்று அந்த விளம்பரக் கம்பெனிக்காரரை ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு எங்கள் டீக்கடையில் உட்காரவைத்துக் கேட்க ஆசை. டீ நான் வாங்கித் தருகிறேன், நேரம் நிறைய இருக்கும். மழைக்காலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. நவம்பரில் ஏரி உபரிநீர் பாலத்துக்கு மேல் ஏறும் நாட்களில் எங்களுக்குப் போக்குவரத்துப் பிரச்சினையே இல்லை. போக்கும் இல்லை, வரத்தும் இல்லை.

சரி. எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். உங்களில் பலர் நல்ல மனதோடுதான் கோப்பைப் பார்க்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஒரு மேசைக்கு இத்தனை கோப்பு வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். பள்ளி நடக்கும் வேலை நாட்களில் எண்ணிக்கையைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். மாலை 3.30 முதல் 4.30 வரையும் எண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் லாரியைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், அனுமதி பெற்ற மற்ற மூன்று திட்டங்களையும்தான். பாலத்தின் அகலத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். எண்ணுபவர் யார் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். கட்டுகிறவரிடம் கூலி வாங்குகிற ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. அறிக்கை வந்ததும் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் பதினைந்து நாள் எங்கள் பார்வைக்கு வையுங்கள். பாலத்தை அகலப்படுத்தாமல் சாலை தாங்காது என்று அது சொன்னால், பாலம் முடிந்த பிறகு வீடுகளைக் கொடுக்கட்டும். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு அவர்களும் எங்களோடு சேர்ந்து மனு எழுதத்தான் போகிறார்கள்.

முடிந்தால் நீங்களே ஒரு தடவை வாருங்கள். செவ்வாய், புதன், எந்த வேலை நாளானாலும் சரி, மாலை நான்கு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். வண்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போய்விட்டால் ஐந்து மணிக்கு முன்னால் திரும்ப முடியாது. பள்ளி வாசலில் அக்கா நிற்பார். வேறு வாளி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதுவும் சிவப்புதான்.

பணிவுடன்,
ஏரிக்கரைச் சாலையில் குடியிருக்கும் ஒருவன்