நம் பழைய வரைபட வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

வட்டத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சிகாகோவின் பனி காரணமாக ஜனவரிக் கூட்டம் நடக்கவில்லை. மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். சந்தாவில் மாற்றமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது சான்பார்ன் தாள்களைப் பற்றித்தான். 1867இல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனம், தீக்காப்பீட்டுக்காரர்களுக்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. பெரும்பாலும் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவு. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள், கல் நீலம், இரும்பு சாம்பல். எந்தத் தெருவில் தீப்பிடித்தால் எதுவரை பரவும் என்று அலுவலக மேசையில் உட்கார்ந்தபடியே கணித்துவிடலாம். இந்தத் தாள்களைப் பல நூலகங்கள் நெடுங்காலம் கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில்தான் காட்டின. நிறம் இல்லாமல் இவற்றைப் பார்ப்பது பாதி வரைபடத்தைப் பார்ப்பதுதான்.

ஏப்ரல் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் இல்லினாய் சிற்றூர் ஒன்றின் தாளைக் கொண்டுவந்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அடித்தபோது, கடைத்தெரு மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு மேடு நிழல் கட்டியது. ஊரில் ஏதாவது மாறினால் முழுத் தாளையும் மறுபடி அச்சிடாமல், மாறிய இடத்துக்கு மட்டும் திருத்தச் சீட்டு ஒட்டுவது சான்பார்னின் வழக்கம். மேலே இருந்த சீட்டில் இளஞ்சிவப்பாக ஒரு மோட்டார் கராஜ். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அடியில் மஞ்சளாக ஒரு கட்டடம், அதன் மேல் பெருக்கல் குறி. அந்தக் குறி குதிரை லாயத்துக்கு உரியது. அங்கே இருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம், நீராவி காட்டிச் சீட்டைப் பிரித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். நீராவி பட்டால் கையால் தீட்டிய நிறம் கசிந்துவிடும். அது மட்டுமல்ல, சீட்டோடு சேர்ந்துதான் அது அந்த ஊரின் தாள். கடைசியில் பின்னாலிருந்து ஒளி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். உரிமையாளரும் அதற்குச் சம்மதித்தார்.

நான் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வரைபடப் பதிப்பாளரான கோல்ட்டன் வெளியிட்ட இல்லினாய் மாநில வரைபடம் ஒன்றைச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டார். கொடிப்பின்னல் கரையோடு அடியில் இருந்த பதிப்புரிமை வரியும் போய்விட்டது. அந்த வரியில்தான் ஆண்டு இருக்கும். போதாததற்கு, தாளை அட்டையில் பசை வைத்து ஒட்டியும் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்தத் தாளின் காலத்தைக் கண்டுபிடிக்க ஜூன் கூட்டத்தில் உதவினீர்கள். இல்லினாயில் 102 கவுண்டிகள், அதாவது மாநிலத்தின் உட்பிரிவுகள். 1853இல் உருவான கேன்ககீ கவுண்டி என் தாளில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியாக 1859இல் பிறந்த ஃபோர்டு கவுண்டி இல்லை. ஆக, இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்குள் நிலத்தைக் காட்டும் தாள் அது. உண்மையில் பதிப்புரிமை வரி இருந்திருந்தாலும் இந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். அக்காலப் பதிப்பாளர்கள் பழைய ஆண்டை அப்படியே விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் அச்சிட்டதுண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் கவுண்டி எண்ணப் பழகுங்கள். பத்து மடங்கு லென்ஸும் கையில் இருக்கட்டும். அதன் வழியே வரிசையான அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல்.

செப்டம்பரில் நியூபெரி நூலகத்துக்குப் போனோம். சிகாகோவின் வரைபடப் பதிப்பகமான ராண்ட் மெக்நாலி நிறுவனத்தின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. 1871 அக்டோபர் பெருந்தீயில் சிகாகோ எரிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே இந்நிறுவனம் தன் ரயில்வே கையேட்டில் மெழுகுச் செதுக்கு முறையில் வரைபடம் வெளியிட்டது. மெழுகு பூசிய தகட்டில் கோடுகளைக் கீறி, அதிலிருந்து அச்சுத் தகடு எடுக்கும் முறை இது. செப்புத் தகட்டு அச்சின் அழகு இதில் இல்லை என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுத்துகளை அச்செழுத்தாலேயே மெழுகில் பதிக்கலாம், திருத்துவது எளிது, விலையும் குறைவு. ரயில் பாதைகள் நீண்டுகொண்டே போன நாட்டுக்கு அப்படி ஒரு வரைபடம்தான் தேவைப்பட்டது.

ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். முழு அட்லஸை வாங்கி மாநிலம் மாநிலமாகப் பிரித்து விற்பவர்களிடம் நம் வட்டத்தினர் யாரும் வாங்க வேண்டாம். டெக்சஸ், கலிஃபோர்னியா பக்கங்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காகப் புத்தகமே அழிகிறது. எப்போதோ பிரிந்துபோன தாள்களுக்கு இது பொருந்தாது. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு பிளேடுதான் பெரிய வரைபடத் திருட்டைக் காட்டிக்கொடுத்தது. 97 வரைபடங்களைத் திருடியதாக வரைபட வணிகர் ஒருவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

வரும் ஆண்டின் முதல் கூட்டம் வாஷிங்டன் நகரைப் பற்றியது. 1847இல் அலெக்சாண்ட்ரியா பகுதி வர்ஜீனியாவுக்குத் திரும்பும் வரை தலைநகர் அடங்கிய கொலம்பியா மாவட்டம் முழு வைர வடிவத்தில் இருந்தது. வைரம் முழுதாக உள்ள தாள் யாரிடமாவது இருந்தால், உறையிலிருந்து எடுக்காமல், மடிக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்