ஊரடங்குக் காலத்தில் புற்றுநோயாளிகளுக்குத் தொலைபேசி வழியாக நோய் ஆதரவுச் சிகிச்சை (வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை) வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: புற்றுநோயாளி ஒருவரின் மகள், காரைக்குடி வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சிவகங்கை மாவட்டம்.

நாள்: 14.06.2021

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 71 வயதான என் தாயாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது. இனி வலியைத் தணிப்பது ஒன்றே சிகிச்சை என்று மருத்துவர்கள் கூறிவிட்டதால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் (morphine) என்னும் வலிநீக்கி மாத்திரை கொடுத்து வருகிறோம். மே 10 முதல் பேருந்துகள் ஓடவில்லை. பயணத்துக்காக இணையத்தில் இ-பதிவு செய்து வாடகைக் கார் பிடித்தாலும், மருத்துவமனை இருக்கும் மதுரை வரை சுமார் 90 கிலோமீட்டர் தூரம் அவரால் உட்கார்ந்து வர இயலாது. கொரோனா நோயாளிகள் நிறைந்த இடத்துக்கு அவரை அழைத்துச் செல்லவும் அஞ்சுகிறோம்.

சென்ற மாதம் அவர் மூன்று நாள் எதுவும் உண்ணாமல் வாந்தி எடுத்து, நினைவு தடுமாறிப் பேசினார். இறுதிக்காலம் வந்துவிட்டதென்று எண்ணி, மலேசியாவில் இருக்கும் என் தம்பிக்கும் சொல்லிவிட்டோம். அப்போது தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு செவிலியர் தொலைபேசியில் முதலில் கேட்டது, "வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?" என்பதுதான். மார்பின் உண்பவர்களுக்கு மலச்சிக்கல் வருவது இயல்பு என்பதையும், அதற்கான மருந்தைத் தினமும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதையும் அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் செவிலியர் மருத்துவரைக் கேட்டுச் சொன்னபடி செய்ததில், இரண்டாம் நாள் அம்மா கஞ்சி குடித்தார். பத்து நிமிடங்கூட ஆகாத அந்த அழைப்பு எல்லாருக்கும் தற்செயலாகக் கிடைத்துவிடாது என்பதாலேயே தங்களுக்கு எழுதுகிறேன்.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீடுகளில் முதியவர்கள் இருவரோ ஒருவரோ மட்டும் வாழ்வது செட்டிநாட்டில் வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் சாதாரண பட்டன் போன். ஆகவே காணொளியை நம்பாமல், காரைக்குடி அரசு மருத்துவமனையில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரையும் மருத்துவர் ஒருவரையும் பொறுப்பாக்கி, இரவிலும் எடுக்கப்படும் ஒரே எண்ணை அறிவிக்க வேண்டுகிறேன். நோயாளி அழைக்கட்டும் என்று காத்திராமல், வாரம் இருமுறை செவிலியரே அழைத்து வலி, தூக்கம், படுக்கைப்புண், மலச்சிக்கல் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். கவனித்துக்கொள்பவரின் மனநிலையையும் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளையும் அதே அழைப்பில் இணைத்து, நோயின் நிலையை மறைக்காமல் பொறுமையாகச் சொன்னால், பல குடும்பங்களின் தவிப்பு குறையும்.

மருந்துதான் பெருஞ்சிக்கல். 25.03.2020 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி மார்பின் போன்ற மருந்துகளைத் தொலைபேசி ஆலோசனையில் எழுதித் தர இயலாது. அந்தக் கட்டுப்பாட்டை நான் குறை கூறவில்லை. ஆனால் போதைப்பொருள் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்பினை இருப்பு வைத்து வழங்க வழி செய்துள்ளது. எனவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அந்த ஏற்பாட்டை உறுதி செய்து, மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சீட்டு எழுதவும், உறவினர் அதைக் காட்டி மாத்திரை பெறவும், அதற்காகச் செல்வோரைச் சோதனைச் சாவடியில் தடுக்காதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

எங்களிடம் இன்னும் ஒன்பது நாளுக்கான மாத்திரைகளே உள்ளன. அதற்குள் தங்கள் உத்தரவு கிடைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்