செயலாளரின் ஆண்டறிக்கை: ஆர்கேட் வரிசையும் பின்பால் வரிசையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. ஒரு கூட்டம் மட்டும் போதிய வருகை இல்லாமல் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதில் கை வைக்கவில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தையும் பொறுமையையும் தின்றது ஒரே விஷயம்தான். இடம் போதவில்லை என்று பின்பால் இயந்திரங்களை (எஃகுப் பந்தை அடித்து ஆடுபவை) ஆர்கேட் பெட்டிகளோடு (டியூப் திரையுள்ள பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகள்) ஒட்டி நிறுத்தினோம். அந்த யோசனையை முன்மொழிந்தவன் நான். எனவே அதன் பலனை எழுதுவதும் என் வேலையாகிறது.

நகர்த்திய மறுநாளே, கடைசி ஆர்கேட் பெட்டியில் படம் நடுங்கியது. நேராக நிற்க வேண்டிய கோடுகள் கொதிக்கும் அடுப்புக்கு மேலே பார்ப்பதுபோல் நெளிந்தன. "மானிட்டர் போச்சு" என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னோம். மானிட்டரின் மின்சுற்றுப் பலகையான சேசிஸைக் கழற்றி கெப்பாசிட்டர்களை மாற்றினோம். நடுக்கம் போகவில்லை. மறுபடி கழற்றி சால்டரிங்கை எல்லாம் புதுப்பித்தோம். அப்போதும் அதே நெளிவு. பிறகு மாதக்கணக்கில் அந்தப் பெட்டி "பழுது" அட்டையோடு நின்றது.

உண்மை தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. பக்கத்துப் பின்பாலில் பல்பு மாற்றுவதற்காகத் துணைச் செயலாளர் அதன் சுவிட்சை அணைத்தார். நான் இந்தப் பக்கம் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கோடுகள் நூல் பிடித்தாற்போல் நின்றுவிட்டன. "அண்ணே, மறுபடி போடுங்க" என்றேன். போட்டார், நெளிந்தது. "அணைங்க." நின்றது. பல்பை மறந்துவிட்டு இருவரும் சின்னப் பிள்ளைகள்போல் சுவிட்சோடு விளையாடிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பின்பால் 1970களின் பிற்பகுதியில் வந்த வகை. அதன் டிரான்ஸ்பார்மர் கீழ்ப்பெட்டியில் இல்லை, பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியில் இருக்கிறது. நாம் நிறுத்திய இடத்தில் அது பக்கத்து பிக்சர் டியூபுக்குச் சரியாகத் தோள் உயரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. டியூபுக்குள் படம் வரைவது எலக்ட்ரான் கற்றை. அதை வளைப்பது, டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் காயிலின் காந்தப்புலம். வெளியிலிருந்து இன்னொரு காந்தப்புலம் வந்தால் கற்றை அதற்கும் வளையும். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும் சுபாவம். டிரான்ஸ்பார்மரின் காந்தக் கசிவு மின்சாரத்தின் அலைவு வேகத்தில் துடிக்கிறது, படம் தன் வேகத்தில் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டமாகத் தெரிகிறது. 1980இல் வந்த பேக்-மேன் ஆர்கேட் விளையாட்டின் மின்சுற்றுப் பலகை நொடிக்குச் சுமார் 60.6 முறை படம் வரைகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் நடுக்கம். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்றரை நொடிக்குச் சற்று மேலான இடைவெளியில் ஒருமுறை மெல்லத் தாலாட்டும். அதனால்தான் ஒரே கோளாறை ஒருவர் "உதறுது" என்கிறார், இன்னொருவர் "மிதக்குது" என்கிறார்.

இது காந்தத்தால் வந்ததா, மின் இணைப்பின் வழியே வந்த தொந்தரவா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்தான். பின்பாலுக்கு வேறு அறையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தோம், நெளிவு மாறவில்லை. இணைப்பைப் பழையபடி விட்டு இயந்திரத்தை மட்டும் ஒரு சாண் தள்ளினோம். கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. ஆனால் பின்பாலில் பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர் அடிக்கும்போதெல்லாம் திரை மங்கியதே, அது இதில் சேராது. இரண்டு இயந்திரங்களும் ஒரே இணைப்பில் இருந்ததால் வந்தது. பிரித்துக் கொடுத்ததும் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நமக்கு அத்தனை மாதங்கள் வீணாயின என்பது என் கருத்து.

தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சாண் சாணாக நகர்த்திப் பார்த்தோம். இப்படிப்பட்ட மூலத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். இடைவெளியை இரட்டித்தால் பாதிப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் ரொம்பத் தூரம் தேவைப்படவில்லை. நடுவே ஒரு நாற்காலி போடும் அளவு இடம் விட்டதும் படம் அடங்கியது. அலுமினியத் தகடு வைத்துப் பார்த்த உறுப்பினருக்கு நன்றி. மின்சாரத்தின் இந்த மெதுவான துடிப்புக்கு மெல்லிய அலுமினியம் வெறும் திரைச்சீலைக்குச் சமம், தடுக்காது. இரும்புத் தகடு ஓரளவு பலன் தந்தது. ஆனால் அதை டியூபுக்கு நெருக்கமாக வைக்கக் கூடாது. தகடே காந்தமேறி நிறத்தைக் கெடுக்கிறது. காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் என்ற உலோகக் கலவை வாங்கலாம் என்றும் யோசனை வந்தது. அதை வளைத்துத் தட்டினால் அதன் குணமே குறையும், மறுபடி சூளையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்று தெரிந்ததும் கைவிட்டோம்.

இரண்டாவது புகார், இன்னொரு பெட்டியில் திரையின் ஓரத்தில் ஊதாக் கறை. இது நடுங்காத ரகம். காரணம், பக்கத்து இயந்திரத்தின் ஸ்பீக்கர் காந்தம். ஸ்பீக்கரை அகற்றினாலும் கறை உடனே போகாது, டியூபுக்குள் இருக்கும் ஷேடோ மாஸ்க் என்ற இரும்புத் தகட்டில் காந்தம் தங்கிவிடுகிறது. டிகாஸ் செய்தால்தான், அதாவது தங்கிய காந்தத்தை நீக்கினால்தான், போகும். சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. சுவிட்சைப் போட்டதும் மானிட்டர் தானே ஒருமுறை டிகாஸ் செய்துகொள்ளும், ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) ஆறினால்தான் அது மறுபடி வேலை செய்யும். கையில் பிடித்து டிகாஸ் செய்யும் காயிலைப் பயன்படுத்துபவர்கள் திரைக்கு முன் வட்டமாகச் சுற்றி, மெதுவாகப் பின்வாங்கி, நன்றாக விலகிய பிறகே அணைக்கவும். ஒருவர் திரைக்குப் பக்கத்திலேயே அணைத்துவிட்டார். முன்பு ஒரு மூலையில் இருந்த கறை இப்போது திரை முழுதும் வானவில்லாயிற்று. பெயர் சொல்லவில்லை, அவரே கை உயர்த்துவார். பெட்டியைத் திசை மாற்றி வைத்தாலும் பூமியின் காந்தப்புலம் லேசாகக் கறை காட்டும். நகர்த்தி முடித்த பிறகு ஒருமுறை டிகாஸ் செய்வது நல்லது.

பின்பால் பந்துகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 27 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகு. ஆடம்ஸ் ஃபேமிலி (1992) போல ஆடுபலகைக்கு அடியில் மின்காந்தம் வைத்த இயந்திரங்களில் ஓடிய பந்துகள் நாளடைவில் தாமே காந்தமாகிவிடும். பிறகு சேகரிப்புத் தடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணிக்கை தப்பும். ஒரு பந்தைத் தூக்கும்போது இன்னொன்று கூடவே தொங்கினால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். அந்தப் பந்துகளை வேறு இயந்திரத்தில் போட வேண்டாம் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

நிலுவையில் இருப்பது ஒன்று. முதுகோடு முதுகு நிற்கும் இரண்டு ஆர்கேட் பெட்டிகளில் ஒன்றின் யோக் மற்றொன்றின் படத்தை ஆட்டுகிறது. இடையில் தள்ள இடமில்லை. டியூபை எடுத்துவிட்டு எல்சிடி போட்டால் காந்தத் தொல்லையே இருக்காது என்று சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். தொழில்நுட்பமாக அது சரி. ஆனால் டியூப் இல்லாத அந்தப் பெட்டியை எதற்கு வைத்திருக்கிறோம் என்பது எனக்குப் புரியவில்லை. முடிவு பொதுக்குழுவின் கையில்.

அதுவரை, கூடத்தைத் துடைப்பவர்கள் தரையில் போட்ட சாக்பீஸ் கோடுகளை விட்டுவிட்டுத் துடைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்