துபாய் அல் கூஸ் கிடங்கு முற்றம்: பழைய கான்கிரீட் மாற்றம்

வணக்கம். லாரி முற்றத்தில் விரிசல் விட்ட 150 மி.மீ. தளத்தை ஜூலை 10, வெள்ளி காலை 5 மணிக்கு அறுத்து எடுக்கிறோம். பகல் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை செய்ய அரசுத் தடை, வேலை நிற்கும்.

1. வியாழன் இரவு 10-க்குள் வண்டி, பேலட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.
2. தண்ணீர் விட்டுத்தான் அறுப்போம். இருந்தாலும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. ஷட்டரை மூடி வையுங்கள்.
3. சனி இரவு 11-க்குப் புதுக் கான்கிரீட், ஐஸ் கலந்து வரும். கலவையின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் திருப்பி அனுப்புவோம். இளக்கமாக இருக்கட்டும் என்று யாரும் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள்! வலிமை குறையும், மேல்பரப்பு பொடியாக உதிரும்.
4. ஈரச் சாக்கு 7 நாள் மூடியிருக்கும். விலக்கினால் சூடான காற்று ஈரத்தை இழுத்து, தளம் மீண்டும் விரிசல் விடும்.
5. லாரிகளுக்கு ஆகஸ்ட் 8 முதல்தான் அனுமதி.

எந்தக் கதவு, எத்தனை வண்டி என்று புதன் மாலைக்குள் பதில் போடுங்கள்.