ஐம்பது எச்.பி. கோடு

மாப்ளே,

மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று கடுப்பில் இருப்பாய். சம்பா வேலை ஓடும்போது என் போன் கிரீசுக்குள்தான் கிடக்கும், உனக்குத் தெரியாததா? வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் அதே கதை. பிஸ்டன் தீபாவளிக்கு வந்திருந்தான். உன்னைப் பற்றிய அந்தப் பழைய பம்புசெட் கதையை மறுபடி சொல்லி, அவனே சிரித்துக்கொண்டான்.

நீ அனுப்பின கொட்டேஷனைப் பார்த்தேன். 49 எச்.பி. டிராக்டருக்கும் 55-க்கும் ஆறு எச்.பி.தானே வித்தியாசம், இவ்வளவு விலை எப்படி ஏறும், டீலர் தலையில் மிளகாய் அரைக்கிறானா என்று கேட்டிருந்தாய். அரைக்கவில்லை. அந்த ஆறுக்கு நடுவில் அரசாங்கம் ஒரு கோடு போட்டிருக்கிறது.

37 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 50 எச்.பி. அதற்கு மேலே உள்ள டிராக்டருக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 புகை விதி. கீழே இருப்பதற்கு அப்போது பழைய டிரெம் 3ஏ விதியே தொடர்ந்தது. அதனால்தான் சந்தையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 49, 49.9 என்று நிற்கிறது. ஏதோ ராசியான நம்பர் என்று நினைத்துக்கொண்டாயா?

கோட்டுக்கு மேலே போனால் என்ன மாறுகிறது? 50-லிருந்து 75 எச்.பி. வரை நைட்ரஜன் ஆக்சைடும் எரியாத டீசல் ஆவியும் சேர்த்து கிலோவாட் மணிக்கு 4.7 கிராம். பழைய விதியிலும் அதே 4.7தான். ஆனால் கரித்துகள் 0.4 கிராமிலிருந்து 0.025-க்கு இறங்கிவிட்டது, பதினாறில் ஒரு பங்கு. விலை ஏறினதெல்லாம் இந்த ஒரு எண்ணால்தான். பழைய பம்பில் டீசல் தெளிக்கும் நாசில் திறக்க 200, 250 பார் அழுத்தம் போதும். டீசல் கொஞ்சம் தடிப்பாகத் தெளிக்கும், கரி வரும். கரியைக் குறைக்க டீசலைப் புகை மாதிரி பொடியாக்க வேண்டும். அதற்கு எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரெயில், 1,600 பார் வரை அழுத்தம், கரண்டில் திறக்கும் இன்ஜெக்டர், கணக்குப் போட ஈசியூ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர், சுற்றிலும் சென்சார், வயரிங். நைட்ரஜன் ஆக்சைடு ஏறாமல் இருக்க, புகையைக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே விட ஈஜிஆர் கூலர். சைலன்சர் இருந்த இடத்தில் புகையைச் சுத்தம் செய்யும், பிளாட்டினம் பூசின டிஓசி. சில மாடலில் அதற்குப் பின்னால் கரி பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும் உண்டு. உன் மாடலில் எது இருக்கிறது என்று சேல்ஸ் பையனிடம் கேள். திருதிருவென்று முழித்தான் என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடச் சொல்.

75-க்கு மேலே போனால் இன்னும் கூத்து. நைட்ரஜன் ஆக்சைடு 0.4-க்குள் நிற்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 32.5 சதவீத யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பு தனியாக வைப்பார்கள். நீ அந்தப் பக்கம் போக மாட்டாய், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றுகிற யோசனை யாருக்கும் வரக்கூடாது. நம் யூரியா அத்தனையும் வேப்பெண்ணெய் பூசினது. ஊற்றினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் காலி. உன் மச்சான் ஞாபகம் வந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது பணக் கணக்கு. இந்தச் சாமான்களால் கூடும் விலையை, பேச்சுக்கு, ஒன்றேகால் லட்சம் என்று வை. வாடகைக்கு விட்டு வருஷம் 800 மணி நேரம், எட்டு வருஷம் ஓட்டினால் மணிக்கு இருபது ரூபாய்க்குள். சொந்த நிலத்துக்கு மட்டும் 300 மணி என்றால் மணிக்கு 52 ரூபாய். காமன் ரெயிலால் நல்ல லோடில் மணிக்கு அரை லிட்டர் டீசல் மிச்சமானாலும் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். அதோடு இன்ஜின் சுற்று தொங்காது, பின்னால் கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றில் நிற்கும், ரோட்டவேட்டர் ஒரே மாதிரி அடிக்கும். 2025 செப்டம்பர் 22-இலிருந்து ஜிஎஸ்டி வேறு 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. 8 லட்சத்துக்கு 56,000 அதிலேயே போயிற்று. ஆக, ஏறின விலையைப் பார்த்து நான் பயப்படவில்லை.

என் பயம் வேறு. ஐப்பசி மழையில் சேற்று உழவின் நடுவே மஞ்சள் விளக்கு எரிந்து இன்ஜின் பவர் இறங்கி நின்றால், ஈசியூவில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவன் வரும்வரை வண்டி வயலில்தான். பழைய இன்லைன் பம்பை நம் ஊர்க் கடையில் கழற்றி மாட்டிவிடுவார்கள். காமன் ரெயில் இன்ஜெக்டரை ஸ்பேனர் போட்டுப் பார்க்கக்கூட விடாதே. ஒரு தூசி போதும்.

பாதிக்கு மேல் கோளாறு நாமே வரவழைப்பதுதான். பேரலில் நாள்கணக்கில் கிடந்த டீசலைப் பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு ஊற்றுவோம். அடியில் தண்ணீர் இருக்கும், 1,600 பாரில் அந்தத் தண்ணீர் பம்பைத் தின்றுவிடும். பேரலை அசைக்காமல் ஒரு நாள் நிற்கவிடு, அடி நாலு விரல் எடுக்காதே, மெல்லிய வலை வைத்த புனல் போடு, வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் காலையில் திறந்துவிடு. ஆயில் என்றால், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடு மட்டும். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், கரி எரிந்துபோகும், ஆயில் சாம்பல் எரியாது, அப்படியே அடைத்துக்கொள்ளும். சேற்றுக்கு மாட்டும் கேஜ் வீலுக்கோ கலப்பைக்கோ வண்டியில் மாட்டினபடியே வெல்டிங் வைக்கிற பழக்கத்தை விடு. அவசரம் என்றால் பேட்டரியையும் ஈசியூ கனெக்டரையும் கழற்றின பிறகுதான். பிரஷர் வாட்டரை வயரிங் மேல் அடிக்காதே. வயரைக் கடிக்க எலி வேறு. ஷெட்டில் வைக்கோல் பக்கத்தில் நிறுத்தினால் அதற்கு விருந்து.

வைக்கோல் என்றதும் ஒன்று. டிபிஎஃப் கரியை எரிக்கும்போது உள்ளே 550, 600 டிகிரி போகும். வைக்கோல் போர் ஓரத்தில் நின்று கரி எரிக்கும் பட்டனை அமுக்கினால் டிராக்டரோடு போரும் போகும். சும்மா ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற உன் டிரைவரிடமும் சொல். ஐடிலில் சூடு வராது, கரி சேர்ந்துகொண்டே போகும்.

சரி, இந்த விதியே வேண்டாத வேலை என்று பிஸ்டன் மாதிரி நீயும் ஆரம்பிக்காதே. டீசல் புகை புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. பானெட் மேலே நிற்கிற புகைக்குழாய்க்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்த பெரியண்ணன் இன்று இரண்டு படி ஏற முடியாமல் நிற்கிறார். பீடி ஒன்றுதான் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உனக்கு எது? வேலை ஆறடி ரோட்டவேட்டரும் டிரெய்லரும் மட்டும் என்றால் 49 போதும். நம் களரில் கனமான வண்டி புதையவும் செய்யும். ஏழடி போட்டு வாடகைக்கு இறங்கப் போகிறாய் என்றால் 55 எடு, ஆனால் இருபது கிலோமீட்டருக்குள் ஸ்கேனரோடு ஆள் இருக்கிறானா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எடு. கோடு நகரும் என்பதையும் கணக்கில் வை. அடுத்த விதியான டிரெம் 5 வந்தால் 25-லிருந்து 50 எச்.பி. வரைக்கும் கரித்துகள் 0.015. அப்போது 49-இலும் இதே சாமான்கள் ஏறும். 2024 ஏப்ரலில் வரவேண்டியதை 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள், இன்னும் தள்ளச் சொல்லியும் கம்பெனிகள் கேட்டன. இப்போது எந்தத் தேதி என்று விசாரித்துக்கொள்.

டீலரிடம் இன்ஜெக்டர் ஒன்றின் விலை, ஈசியூ விலை, டிஓசிக்கு வாரண்டி எத்தனை மணி நேரம், மூன்றையும் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
கிரீஸ்

பி.கு.: என் 20-22 ஸ்பேனர் உன் ஷெட்டில்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்லாதே, போட்டோவில் பின்னால் தெரிந்தது.